காண்க: பெட்டி ஒன்பது

பாசலில் ரைன் நதியைக் கடக்கும் படகுக்கு
எஞ்சின் கிடையாது.
மேலே ஒரு கம்பி, கீழே ஓட்டம்;
சற்றே சாய்த்துப் பிடித்தால்
ஆறே அக்கரை சேர்த்துவிடும்.
மருத்துவர் மெல்கியோர் ஸ்டுக்கி
முப்பத்தோரு வருடம் இப்படித்தான் போய்வந்தார்,
பணக்காரக் கரையிலிருந்து
சாயப்பட்டறைக் கரைக்கு,
தோல்பையில் அறுபத்து மூன்று கேள்விகளோடு.

யாரை விரும்புகிறீர்? எந்த வயதில் தெரிந்தது?
கனவில் நீங்கள் பேசும் குரல் யாருடையது?

இதையெல்லாம் கேட்க அன்று துறை இல்லை.
ஆகவே எல்லாத் துறையிலும் இறங்கினார்:
நத்தையை அறுத்துப் பார்த்தார்,
ஒரே பூவுக்குள் மகரந்தமும் சூலும் வரைந்தார்,
நீதிமன்றத் தீர்ப்புகளைப் படியெடுத்தார்,
நாற்பது வயதிலும் குரல் உடையாத
தேவாலயப் பாடகரின் சுருதியைக் குறித்தார்,
சலவைக்காரிகளின் வசவுகளை
அகரவரிசையில் அடுக்கினார்.
ஒவ்வொரு கட்டையும்
ஆலைப் பெண்கள் கொடுத்த பட்டு ரிப்பனால் கட்டினார்.

இன்று பங்கு பிரிக்கிறார்கள்.
"பல்துறை முன்னோடி" என்று அச்சடித்த அழைப்பிதழ்,
நீள மேசை, காப்பி.
தள்ளுவண்டி மட்டும் என் பொறுப்பு.
நத்தை விலங்கியலுக்கு. பூ தாவரவியலுக்கு.
தீர்ப்பு சட்டத்துக்கு.
வசவுக்கு மொழியியலும் நாட்டாரியலும் சண்டை.
ரிப்பனை அவிழ்க்கச் சொன்னார் ட்சும்ப்ருன் அம்மையார்,
தாளில் சாயம் ஏறுமாம்;
அவிழ்த்ததை வாங்க
நெசவு அருங்காட்சியகம் கை நீட்டியது.

தாள் 212 மட்டும் பங்குக்கு மசியவில்லை.
ஆணா, பெண்ணா என்ற கட்டத்துக்குள்
சாயக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்:
"ஞாயிற்றுக்கிழமை வந்து கேளுங்கள்."
எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் அது வேண்டும்.
அவனா, அவளா? பட்டியல் கேட்டது.
ஜெர்மனில் என் பேனா நின்றுவிட்டது.
சொந்தக் குறிப்பேட்டில் "அவர்" என்று போட்டேன்.
பள்ளியில் அதை மரியாதை என்றார்கள்;
ஒதுங்கி வழிவிடவும் ஆகிறது.

பிறகு பெட்டி ஒன்பது.
இதை யாரும் கேட்கவில்லை.
இடுப்பு அளக்கும் கவராயம்.
கண்ணில் கறுப்புப் பட்டை ஒட்டிய உடல்கள்.
1907, விலங்குத் தோட்டத்தில்
யானைகளோடு காட்சிக்கு வந்த சிலோன் கோஷ்டி.
அதில் "ஆண், எண் 3".
சுவரோரம் நிற்கிறார், ஒரு முழத் துணியுமின்றி.
அவருடைய கேள்வித்தாளில்
அறுபத்திரண்டு கட்டம் வெறுமை.
கடைசிக் கட்டத்தில் சில வளைவுகள்.
பக்கத்தில் ஸ்டுக்கியின் பென்சில்:
"அலங்காரக் கோடுகள்."

நூற்றுப் பதினேழு வருடம் அலங்காரமாகக் கிடந்ததை
வண்டியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
வாசித்தேன்:

குளிருது. என்ர சால்வையைத் தாங்கோ.

மேசைக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.
யாரோ கரண்டியால் காப்பியைக் கலக்கினார்கள்,
சர்க்கரை போடாத காப்பியை.
சட்டப் பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார்
நெடுநேரம்.
எந்தத் துறை என்று ஒருவர் கேட்டார்,
நல்ல மனிதர், உண்மையாகவே தெரியாமல்.

ஸ்டுக்கியை வெறுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.
ஆனால் ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறார்;
212-இன் பின்புறத்தில் தேதி இருக்கிறது,
மழை என்றும், இரண்டு கோப்பைத் தேநீர் என்றும்,
வேறு ஒன்றும் எழுதவில்லை.
எண் 3-இன் பின்புறத்தையும் திருப்பினேன்.
உயரம். எடை. மார்பளவு.

எல்லோரும் போனபின் பெட்டிகளைத் திறந்தேன்.
நத்தைக்குள் ஒரு சீட்டு, பூவுக்குள் ஒன்று,
தீர்ப்புக்குள், சுருதிக்குள், வசவுக்குள்:
காண்க, பெட்டி ஒன்பது.
ரிப்பன் பொதியிலும் ஒன்றைச் செருகினேன்.
பட்டு கையில் வழுக்கியது,
ஒரு தோளுக்குக்கூடப் போதாத அகலம்.

கடைசியாகப் பட்டியலில் ஏற்றினேன்.
மொழி: தமிழ்.
எழுதியவர்: அவர்.
பொருள்: சால்வை.
நிலை: இன்னும் தரப்படவில்லை.